முனைவர் பட்டத்தோடு ஈரானிய ஆய்வு: 'மைனர்' என்பது என்ன, யாருக்கு அது வேண்டும்?

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் கி.பி. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சேர மன்னன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட ஐயனடிகள், சபிர் ஈசோ என்பவர் எழுப்பிய கிறித்தவப் பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்ததை அவை சொல்கின்றன. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களின் பெயர்களும் அவற்றில் வருகின்றன. வட்டெழுத்துப் பயின்ற தமிழ்க் கல்வெட்டு மாணவர் ஒருவர் அந்த ஏடுகளைப் பெரும்பாலும் வாசித்துக்கொண்டே போகலாம். சாட்சிகள் கையெழுத்திட்ட ஏட்டுக்கு வந்ததும் நின்றுவிடுவார். அங்கே சிலர் கூஃபி என்னும் பழைய எழுத்துமுறையில் அரபியில் எழுதியிருக்கிறார்கள். சிலர் பஹ்லவி என்னும் நடுக்காலப் பாரசீகத்தில் எழுதியிருக்கிறார்கள். இன்னும் சிலர் பாரசீக மொழியையே எபிரேய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அரபிக்கடலின் இந்தக் கரையில் நடந்த ஒரு கொடைக்கு அந்தக் கரையின் மக்கள் சாட்சி சொன்ன ஏடு அது.

அந்த ஏட்டை நம்பகமான மொழிபெயர்ப்பு ஒன்றின் துணையோடு கடந்துபோகலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஆய்வேட்டின் மையக் கேள்வியே அந்தச் சாட்சிகள் யார் என்பதாக இருந்தால், கடந்துபோக முடியாது. அந்த இடத்தில்தான் ஒருவருக்கு 'ஈரானிய ஆய்வில் மைனர்' என்ற ஏற்பாடு தேவைப்படுகிறது.

முதலில் 'மைனர்' என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். நம் கல்லூரிகளில் பி.ஏ., பி.எஸ்ஸி. படித்தவர்களுக்கு 'அலைடு' தாள்கள் நினைவிருக்கும். வரலாறு முதன்மைப் பாடம் என்றால் பொருளியலோ அரசியல் அறிவியலோ துணைப்பாடம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, முனைவர் பட்ட நிலையிலும் இத்தகைய துணைத் துறை ஒன்றை வைத்திருக்கின்றன. நம் முனைவர் பட்டத்தில் நெறியாளர், ஒரு சில பாடத் தாள்கள், பிறகு ஆய்வேடு என்று வழி நேராகப் போகும். அங்கே முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வகுப்புகள், அதன்பின் விரிவுத் தேர்வு, அதன்பின் ஆய்வேடு. அந்த வகுப்புகளில் ஒரு பகுதியை வேறொரு துறையில் எடுத்து, அத்துறைப் பேராசிரியர்களின் ஒப்புதலோடு முடித்தால் அது மைனர். பட்டம் ஒன்றுதான், இரண்டு பட்டம் கிடைப்பதில்லை. பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலில் மட்டுமே இந்தத் துணைத் துறையின் பெயர் இடம்பெறும்.

அரிசோனா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே முனைவர் பட்டத்துக்குச் சேரும் மாணவர் மைனர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். முதன்மைத் துறையில் குறைந்தது 36 அலகுகள், மைனரில் குறைந்தது 9 அலகுகள், ஆய்வேட்டுக்கு 18 அலகுகள் என்பது பல்கலைக்கழகத்தின் பொது விதி. வழக்கமான ஒரு செமஸ்டர் வகுப்பு 3 அலகு. ஆகவே 9 அலகு என்பது மூன்று வகுப்புகள். குறிப்பிட்ட துறை அதற்கு மேலும் கேட்கலாம். அதே பல்கலைக்கழகத்தில் ரோஷன் அறநிறுவனத்தின் பெயரைத் தாங்கிய, பாரசீக, ஈரானிய ஆய்வுக்கான பல்துறைத் திட்டம் ஒன்று இருக்கிறது. மானிடவியல் துறையில் இருப்பவரும் நிலவியல் துறையில் இருப்பவரும் அந்தத் திட்டத்தின் கதவைத் தட்டலாம். விஸ்கான்சின் போன்ற இடங்களில் பெயரும் விதியும் சற்று மாறும், நோக்கம் ஒன்றுதான். தன் துறைக்குள்ளேயே கிணற்றுத் தவளையாக ஒருவர் முனைவராகிவிடக் கூடாது என்பதே அந்த நோக்கம்.

வகுப்புகளை முடிப்பதோடு வேலை தீராது. விரிவுத் தேர்வில் மைனர் துறைக்கும் பங்கு உண்டு. எழுத்துத் தேர்வை அத்துறை தளர்த்திவிடக்கூடும். ஆனால் வாய்மொழித் தேர்வில் மைனர் துறையைச் சேர்ந்த பேராசிரியர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். மைனர் என்பதை மூன்று வகுப்புகளாக மட்டும் எண்ணாமல் ஒரு மனிதராகவும் எண்ணுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் நெறியாளருக்குத் தெரியாத மொழியில் நீங்கள் மேற்கோள் காட்டும்போது, அதைச் சரிபார்க்கக்கூடிய ஒருவர் ஆய்வுக்குழுவில் இருக்கிறார். ஆய்வேட்டுக்கு அது பெரிய காப்பு.

இனி 'ஈரானிய ஆய்வு'. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஈரான் என்ற இன்றைய நாட்டைப் பற்றிய படிப்பு என்று நினைத்துச் சேர்ந்தால், முதல் வாரமே வரைபடம் விரிந்துவிடும். ஈரானிய மொழிகள் பேசப்படும் நிலம் ஈரானின் எல்லையோடு நிற்பதில்லை. ஆப்கானிஸ்தானில் தரியும் பஷ்தூவும், தஜிகிஸ்தானில் தஜிக்கும், துருக்கி, ஈராக், சிரியா நாடுகளில் சிதறிய குர்திஷும், பாகிஸ்தானில் பலூச்சியும், காக்கசஸ் மலைகளில் ஒசேட்டியமும் இந்தக் குடும்பம்தான். ஃபார்ஸி, தரி, தஜிக் மூன்றும் ஒரே பாரசீகத்தின் மூன்று முகங்கள். ஆனால் தஜிக் மட்டும் ரஷ்ய எழுத்தான சிரிலிக்கில் எழுதப்படுகிறது.

காலமும் அதைப்போல நீளமானது. மேற்கு ஈரானின் பிஸதூன் பாறையில் தாரயவுஷ் (டேரியஸ்) மன்னன் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்று மொழிகளில் வெட்டிவைத்த சாசனத்தில் ஒரு மொழி பழம்பாரசீகம். பார்சிகளின் சமயத்தை நிறுவிய சரதுஷ்டிரரின் பாடல்கள் அவெஸ்தா மொழி. இஸ்லாமுக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசின் மொழி பஹ்லவி. பட்டுப்பாதை வணிகர்களின் மொழி சொக்தியம். 1907-இல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் சீனாவின் தூன்ஹுவாங் அருகே ஒரு காவற்கோபுரத்தில் கண்டெடுத்த சொக்தியக் கடிதங்களில், கணவனால் கைவிடப்பட்டு அந்த ஊரில் சிக்கிக்கொண்ட ஒரு பெண்ணின் கடிதமும் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அந்தக் கோபம், அஞ்சல் பையிலேயே கிடந்து பதினாறு நூற்றாண்டுகள் கழித்து வாசிக்கப்பட்டது. சொக்தியம் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. அதன் உறவு மொழியான யக்னோபி தஜிகிஸ்தானின் ஒரு மலைப்பள்ளத்தாக்கில் இன்றும் பேசப்படுகிறது. இப்படிப்பட்ட செய்திகளைக் கேட்கும்போது உங்கள் நெஞ்சு சற்று வேகமாகத் துடித்தால், இந்தத் துறை உங்களுக்குப் பொருந்தும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1935-இல் ரேசா ஷா, வெளிநாட்டு அரசுகள் தம் நாட்டை 'பெர்ஷியா' என்று குறிப்பிடாமல் 'ஈரான்' என்றே குறிப்பிட வேண்டும் என்று கேட்டார். ஆனால் ஈரான் என்ற பெயர் அன்று புதிதாகப் பிறந்ததன்று. சாசானியர்களே தங்கள் நாட்டை ஈரான்ஷஹ்ர் என்றுதான் அழைத்தார்கள். எனவே பாரசீக ஆய்வு என்றால் பொதுவாகப் பாரசீக மொழியும் இலக்கியமும். ஈரானிய ஆய்வு என்றால் அதைவிடப் பரந்த மொழிகள், சமயங்கள், வரலாறு, கலை, இன்றைய அரசியல் எல்லாம். இஸ்லாமிய ஆய்வின் ஒரு கிளையாகவும் இதைச் சுருக்க முடியாது. சரதுஷ்டிர சமயமும் மானியின் சமயமும் யூத, கிறித்தவ, பஹாய் சமூகங்களும் இதற்குள் வருகின்றன. பல்கலைக்கழகங்களும் இதை வெவ்வேறு கூரைகளின் கீழ் வைத்திருக்கின்றன. சில இடங்களில் அண்மைக் கிழக்கு ஆய்வுத் துறை. இண்டியானாவில் மத்திய யூரேசிய ஆய்வுத் துறை. எந்தக் கூரை என்பதைப் பொறுத்துப் பாடங்களின் சாய்வும் மாறும்.

யாருக்கு இது வேண்டும்? இலக்கியம், வரலாறு படிப்பவர்களுக்கு என்றுதான் முதலில் தோன்றும். நான் வேறொருவரிடமிருந்து தொடங்குகிறேன்: நீரியல் படிக்கும் பொறியியல் மாணவர். ஈரானின் வறண்ட மாநிலங்களில் கனாத் என்னும் நிலத்தடிக் கால்வாய்கள் இருக்கின்றன. மலையடிவாரத்தின் நிலத்தடி நீரை, மெல்லிய சரிவில் தோண்டிய சுரங்கம் வழியாக, எந்த இயந்திரமும் இல்லாமல் ஊருக்குக் கொண்டுவருபவை அவை. 2016-இல் யுனெஸ்கோ 11 கனாத்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கொனாபாத் ஊரின் கனாத் அவற்றில் ஒன்று. சரிவையும் ஓட்டத்தையும் கணினியில் கணக்கிட மாணவருக்குப் பாரசீகம் தேவையில்லை. ஆனால் அந்த நீரை ஊரார் எப்படிப் பங்கிட்டார்கள்? துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தை ஒரு பங்காக வைத்தார்கள். நம் நாழிகை வட்டிலின் அதே தத்துவம். யாருக்கு எத்தனை கிண்ணம், எந்த முறையில், மணமுடித்துப் போன மகளின் பங்கு என்னாகும் என்பதெல்லாம் பத்திரங்களிலும் பேச்சிலும் இருக்கிறது. நீர் எப்படி ஓடியது என்பதைப் பொறியியல் சொல்லும். ஆயிரம் ஆண்டுகள் அதைப் பராமரித்த மனித ஏற்பாட்டை மொழி தெரிந்தவர்தான் அறிய முடியும். இந்த மாணவருக்கு மைனர் ஓர் அலங்காரம் அன்று.

மருத்துவ அறவியல் படிப்பவருக்கும் இதே தேவை உண்டு. உயிருடன் இருக்கும் ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு சிறுநீரகம் கொடுப்பதைச் சட்டப்படி ஒழுங்குபடுத்திய நாடு ஈரான். அதைப் பற்றி ஆங்கிலத்தில் எவ்வளவோ கட்டுரைகள் வந்திருக்கலாம். கொடுத்தவர் தன் அண்டைவீட்டாரிடம் என்ன சொல்லிக்கொள்கிறார் என்பது அவற்றில் கிடைக்காது. ஈரானியத் திரைப்படம், 1905 முதல் 1911 வரை நடந்த அரசமைப்புப் புரட்சி, ஷாநாமா என்னும் பாரசீகக் காவியத்தின் ஓவியச் சுவடிகள், ஆப்கன் அகதிகள், குர்திஷ் இலக்கணம் போன்ற தலைப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேவையில்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆய்வேட்டில் ஈரான் ஓர் அத்தியாயத்தில் ஒப்பீட்டுக்காக மட்டும் வருகிறது என்றால், புள்ளியியலிலோ ஆய்வு முறையியலிலோ மைனர் எடுப்பதே புத்திசாலித்தனம். வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்பதற்காக மட்டும் எடுத்தால், நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே 'பாரசீகத்தில் எதை வாசித்தீர்கள்' என்பதாகத்தான் இருக்கும்.

இப்போது பலர் முன்கூட்டியே தெரிந்துகொள்ளாத செய்திக்கு வருகிறேன். மைனருக்கான 9 அலகு என்பது வெளியே தெரியும் கணக்குதான். உண்மையான சுமை மொழி. தொடக்கநிலைப் பாரசீக வகுப்புகள் பல இடங்களில் முதுநிலை அலகுகளாகக் கணக்கில் சேராது. அவற்றைத் தனியே படித்து, வாசிக்கும் நிலைக்கு வந்தபின்தான் மைனரின் வகுப்புகளில் உட்கார்ந்து பயன்பெற முடியும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் பாரசீகத்தில் பணிசெய்யும் திறன்பெற 44 வாரம், அதாவது 1,100 வகுப்பு மணிநேரம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறது. தமிழையும் அதே வரிசையில்தான் வைத்திருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலம் பேசுபவருக்கு. தமிழ் பேசுபவர் சற்று ஆறுதல் கொள்ளலாம். 'மன் கெத்தாப் ரா கான்தம்' என்றால் 'நான் புத்தகத்தை வாசித்தேன்'. மன் என்பது நான்; கெத்தாப் என்பது புத்தகம்; ரா என்பது நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்யும் வேலையைச் செய்கிறது; கடைசி 'அம்' நம் 'ஏன்' போலத் தன்மை விகுதி. வினை கடைசியில் வருகிறது. 'மன்' என்பதை விட்டுவிட்டாலும், நாம் 'நான்' என்பதை விட்டுவிடுவதுபோல, பொருள் கெடாது. 'யோசனை செய்', 'விவாதம் செய்' என்று நாம் பெயர்ச்சொல்லோடு 'செய்' சேர்ப்பதுபோல அவர்கள் 'கர்தன்' சேர்க்கிறார்கள்: 'ஃபெக்ர் கர்தன்' என்றால் யோசனை செய்தல். ஆங்கிலம் வழியாகப் பாரசீகம் கற்பிக்கும் பாடநூல் பத்துப் பக்கம் விளக்கும் இந்த அமைப்பு, தமிழருக்கு ஒரே மாலையில் பிடிபடும். சொற்களிலும் பழக்கம் உண்டு. கடையில் வாங்கும் ரசீது, 'வந்து சேர்ந்தது' என்று பொருள்படும் பாரசீகச் சொல். பந்தோபஸ்து, தஸ்தாவேஜு, சிப்பாய், பஜார் எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1837-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நீக்கும்வரை பாரசீகம் இந்திய நிர்வாகத்தின் மொழியாக இருந்தது அல்லவா.

இடறும் இடங்களும் உண்டு. எழுத்துகள் 32, அரபி எழுத்தோடு நான்கைச் சேர்த்துக்கொண்டார்கள். அவற்றை இரண்டு வாரத்தில் கற்றுவிடலாம். ஆனால் குறில் உயிர்களை எழுதுவதில்லை. க, ர, ம ஒலிகளுக்கான மூன்று எழுத்துகளை மட்டும் கண்டால் அது 'கெர்ம்' என்னும் புழுவா, 'கரம்' என்னும் வள்ளன்மையா, முகத்தில் பூசும் 'கெரெம்'மா என்பதை இடம்தான் சொல்லும். பெயரடை பெயருக்குப் பின்னால் வரும். 'பெரிய புத்தகம்' அங்கே 'கெத்தாபெ பொஸொர்க்'.

இன்னொன்று என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைப்பது. பாரசீகத்தில் அவன், அவள் என்ற பிரிவு இல்லை. இரண்டுக்கும் 'ஊ' என்ற ஒரே சொல்தான். ஒரு கஸலில் காதலுக்குரியவர் ஆணா, பெண்ணா, இறைவனா என்று கவிதை சொல்லாமலே முடிந்துவிடும். தமிழில் மொழிபெயர்ப்பவர் முதல் வினைமுற்றிலேயே ஆன், ஆள் என்று முடிவெடுத்தாக வேண்டும். 'அவர்' என்றால் மரியாதை வந்து நெருக்கம் போய்விடுகிறது. தமிழுக்கும் பாரசீகத்துக்கும் இடையே உழைப்பவருக்கு இந்த ஒரு பிரச்சினை மட்டுமே ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் போதும்.

ஆவணங்களில் ஆண்டுகளும் ஒரு பயிற்சி. ஈரானில் சந்திர ஹிஜ்ரி, சூரிய ஹிஜ்ரி என்று இரண்டு கணக்குகள். 1976-இல், ரேசா ஷாவின் மகனான அன்றைய ஷா திடீரென்று பேரரசுக் கணக்கைக் கொண்டுவந்தார். சூரிய ஹிஜ்ரி 1355-ஆம் ஆண்டு 2535 ஆனது. 1978-இல் அது கைவிடப்பட்டது. அந்த இரண்டு ஆண்டு நாளிதழ்களைப் புரட்டும் மாணவர் 2535 என்ற எண்ணைக் கண்டு திகைக்காமல் இருக்க, யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். நல்ல மைனர் வகுப்பு சொல்லித்தருவது இத்தகைய தொழில்நுணுக்கங்களைத்தான். ஷிகஸ்தா என்னும் உடைந்த கையெழுத்தை வாசிப்பதும், வருவாய்க் கணக்கர்கள் எண்களை எழுதிய சியாக் குறியீடுகளை அடையாளம் காண்பதும் அந்த வரிசை. முகலாயர் கால வரிக் கணக்கையோ ஆற்காட்டு நவாபுகளின் ஆவணங்களையோ தொட நினைப்பவருக்கு இந்த இரண்டும் தவிர்க்க முடியாதவை.

மூன்று வகுப்புகளை எப்படித் தேர்வது? ஒன்று உங்கள் தலைப்பின் காலத்தைப் பற்றியதாக இருக்கட்டும். ஒன்று மூல நூல்களைப் பாரசீகத்திலேயே வரிவரியாக வாசிக்கும் வகுப்பாக இருக்கட்டும்; எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். மூன்றாவது, உங்கள் தலைப்புக்குத் தொலைவில் இருந்தாலும் கவலையில்லை. இன்றைய அரசியலை ஆராய்பவர் சரதுஷ்டிர சமயத்தைப் பற்றி ஒரு செமஸ்டர் படித்தால், நவுரூஸ் என்னும் புத்தாண்டு விழாவும் பெயர்களும் அரசியல் முழக்கங்களும் வேறு ஆழத்தில் தெரியும். ஐயம் வரும்போதெல்லாம் புரட்ட என்சைக்ளோபீடியா ஈரானிக்கா இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எஹ்சான் யார்ஷாதர் தொடங்கி வளர்த்த அந்தக் கலைக்களஞ்சியத்தின் முதல் பகுதி 1982-இல் வந்தது; 2018-இல் அவர் மறைந்தபோதும் பணி முடிந்திருக்கவில்லை. இணையத்தில் அதை இலவசமாகப் படிக்கலாம்.

களப்பணியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மாணவராக ஈரானுக்குப் போவது எளிதன்று. 2016-இல் ஆவணக் காப்பக வேலைக்காக அங்கே சென்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவர் கைதாகி, உளவு பார்த்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு, 2019 டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் விடுதலையானார். அவர் ஆராய்ந்தது பழைய வரலாறு. இதனால் பலர் மொழிப் பயிற்சிக்குத் தஜிகிஸ்தானின் துஷன்பேக்குப் போகிறார்கள். ஆவணங்களுக்கு லண்டன், டெல்லி, ஹைதராபாத் என்று வேறு காப்பகங்களைத் தேடுகிறார்கள். தலைப்பை முடிவுசெய்யும் முன்பே, நெறியாளரிடமும் மைனர் பேராசிரியரிடமும் இதைப் பேசிவிடுங்கள். போகவே முடியாமல் போனால் ஆய்வேடு எந்த மூலங்களின் மேல் நிற்கும் என்ற கேள்விக்கு முதலாண்டிலேயே பதில் வேண்டும்.

இந்தியாவில் முனைவர் பட்டம் செய்பவர்களுக்கு மைனர் என்ற பெயரில் ஏற்பாடு பொதுவாக இல்லை. ஆனால் சாரத்தை அடையும் வழிகள் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் அலிகரிலும் பாரசீகத்துக்குத் தனித் துறைகள் உண்டு. மும்பையில் 1916-இல் நிறுவப்பட்ட கே.ஆர். காமா கீழைத்தேய ஆய்வு நிறுவனம் சரதுஷ்டிர ஆய்வுக்கு நாட்டின் பெரிய களஞ்சியம். நெறியாளரின் ஒப்புதலோடு பாரசீகப் பேராசிரியர் ஒருவரை இணை நெறியாளராகவோ ஆலோசனைக் குழு உறுப்பினராகவோ சேர்க்க முடிந்தால், மைனர் தரும் பயனில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

சென்னையில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலைக்குப் போய்வாருங்கள். மலைமேல் உள்ள தேவாலயத்தின் பலிபீடத்தில், 1547-இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த கற்சிலுவை இருக்கிறது. அதைச் சுற்றி வளைவாக ஓடும் எழுத்துகள் பஹ்லவி. அந்த எழுத்துமுறையில் ஒரே குறி பல ஒலிகளுக்கு நிற்கும். அதனால் அந்த ஒற்றை வரியை அறிஞர்கள் பலர் பல விதமாகப் படித்திருக்கிறார்கள்; ஒருவர் வாசிப்பு மற்றவருடன் ஒத்துப்போவதில்லை.